விறகு வண்டியில் பௌதிகம்

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் பாரம் மிகுந்தால் அது 'முன்பாரம்'; நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்னால் மிகுந்தால் 'பின்பாரம்'. நுகத்தடி மேலே எழும்பி, கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்தே பாரத்தைச் சரி செய்துவிடுவார். நெம்புகோல் தத்துவத்தை அவர் பள்ளியில் படித்தவர் அல்லர்!

இன்று சவுக்கு விறகு டிராக்டரில் பூட்டிய இருசக்கர டிரெய்லரில் போகிறது. மாட்டுக்குப் பதில் எந்திரம் வந்துவிட்டது, தத்துவம் மாறவில்லை.

டிரெய்லரின் அச்சுதான் இங்கே ஆதாரம். விறகோடு சேர்ந்து டிரெய்லர் 4000 கிலோ என்று கொள்வோம். டிராக்டருடன் இணையும் கொக்கி அச்சுக்கு 3 மீட்டர் முன்னால் இருக்கிறது. மொத்த ஈர்ப்பு மையம் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால் இருந்தால், திருப்புத்திறன் விதிப்படி கொக்கியின் மீது 4000 × 0.3 ÷ 3 = 400 கிலோ எடை அழுத்தும். அதே மையம் 30 செ.மீ. பின்னால் போனால்? அதே 400 கிலோ எடைக்குச் சமமான விசை கொக்கியை மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரங்கள் தரைப்பிடிப்பை இழக்கும்; பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

அப்படியானால் முன்பாரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமா? கூடாது. கொக்கி மிகவும் அழுந்தினால் டிராக்டரின் முன்சக்கரங்கள் இலேசாகிவிடும். மேட்டில் ஏறும்போது அவை தரையை விட்டே எழும்பக்கூடும். பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பி என்ன பயன்? அளவான முன்பாரமே நல்லது.

அடுத்தது உயரம். சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் அகலமுள்ள டிரெய்லர், 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்புகிறது. ஈர்ப்பு மையம் 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் மணிக்கு ஏறக்குறைய 38 கிலோமீட்டர் வேகத்தில்தான் அது கவிழும். விறகை வானளாவ அடுக்கி மையத்தை 2 மீட்டருக்கு உயர்த்தினால், 27 கிலோமீட்டரிலேயே கவிழ்ந்துவிடும். சாலை மேடு பள்ளமானால் இன்னும் முன்பே! ஆகவே கனமான கட்டைகள் அடியிலும் மெல்லியவை மேலேயும் இருக்க வேண்டும். பச்சை விறகில் நீரும் சேர்ந்திருப்பதால் அதே அளவு விறகுக்கு எடை கூடும். அதைக் குறைவாகவே ஏற்ற வேண்டும்.

பிரேக் போடும்போது என்ன நடக்கிறது? டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால், 2000 கிலோ டிராக்டரின் பிரேக்தான் 6000 கிலோவையும் நிறுத்தியாக வேண்டும். தனியாக 10 மீட்டரில் நிற்கும் டிராக்டர், இப்போது சுமார் 30 மீட்டர் ஓடித்தான் நிற்கும். வேகத்தை இரு மடங்காக்கினால் அந்தத் தூரம் நான்கு மடங்காகும்.

வண்டி நின்றாலும் விறகு நிற்காது. நிலைமம் அதை முன்னே தள்ளும். அதற்காகத்தான் கயிறு. இறுகக் கட்டிய கயிறு விறகைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் உராய்வும் கூடுகிறது. ஓட்டத்தில் விறகு அசைந்து படிந்து கட்டுத் தளரும். சிறிது தூரம் போனதும் நிறுத்தி மீண்டும் இறுக்குவது அவசியம்.

மாணவர்களே, விறகின் மேலும் கொக்கியின் மேலும் ஏறிச் சவாரி செய்யாதீர்கள். கட்டைக்கு உள்ள நிலைமம் நமக்கும் உண்டு. கட்டையையாவது கயிறு பிடித்திருக்கிறது!

ஒரு கணக்கு: ஈர்ப்பு மையம் அச்சுக்கு 60 செ.மீ. முன்னால் இருந்தால் கொக்கியில் எவ்வளவு எடை அழுத்தும்?