குடியும் வயிற்றுவாரும்

திருக்குறளின் 96ஆம் அதிகாரமாகிய ‘குடிமை’யைப் பாடஞ் சொல்லியபொழுது, “குடி என்பது யாது?” என மாணாக்கரை வினவினேன். உயர்குலம், குடும்பம் என உரைவழி நின்று பலர் விடை கூறினர். படுவான்கரைச் சிறுவன் ஒருவன் மட்டும், “தாய்வழி, ஐயா” என்றான். வகுப்பு நகைத்தது, யானும் பிழையென்றேன். பிழை என்னுடையதே.

மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் குடி என்பது ஒரு சாதிக்குள் அமைந்த தாய்வழிப் பிரிவு, முஸ்லிம்களிடத்தும் உண்டு. பிள்ளை தாயின் குடியையே சாரும். ஒரே குடிக்குள் மணமில்லை. ஆதலின் தாய்மாமன் மகள் மணத்துக்குரியள். சிற்றன்னை மகளோ தங்கை. கோயில் வண்ணக்கர் பதவியும் பல ஊர்களிற் குடிமுறைப்படியே வரும். (காளாஞ்சி எக்குடிக்கு முதலில் என்பதில் எழும் பிணக்குகளை இங்கு விரிக்கவேண்டா!) குடிக்குள்ளும் நுண்பிரிவு உண்டு, அதுவே வயிற்றுவார். வார், தோலினின்று நீள அறுத்த கீற்று. ஒருத்தி வயிற்றினின்று அறாது நீளும் மரபை இதனினும் செவ்வையாக எச்சொல் உணர்த்தும்? அமெரிக்க மானிடவியலார் டெனிஸ் மக்கில்வ்ரே இம்முறையை நெடுங்காலம் ஆராய்ந்து 2008இல் நூலாக்கினார். பண்டிதனாகிய யான் வகுப்பில் அதனை நகைக்கவிட்டேன்.

மறுநாள் அச்சிறுவனை அழைத்து, “உன் வயிற்றுவார் யாது?” என்றேன்.

“அம்மம்மாவைத்தான் கேட்கவேண்டும், ஐயா” என்றான்.