நீதிபதியான வரிசை வீரர்



அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. நீள்வட்டமான அந்தப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம். பந்துடன் ஓடுபவரைப் பற்றித் தரையில் வீழ்த்தவும் செய்யலாம். அணிக்கு 11 பேர். ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் இரு அணியினரும் எதிரெதிரே அணிவகுப்பர். முன்வரிசையில், குனிந்து கையைத் தரையில் ஊன்றி நிற்பவர்களே வரிசை வீரர்கள். பந்துள்ள அணியின் வரிசை ஒரு சுவர்; பந்தை எறியவேண்டிய ஆட்டத் தலைவரை அது காத்து நிற்கும். எதிரணியின் வரிசையோ அச்சுவரை உடைத்து அவரைப் பிடிக்க வேண்டும். பார்ப்போரின் கண்கள் பந்தின் பின்னே ஓடுவதால், இவர்கள் படும் பாட்டை உணர்வோர் சிலரே.

சுவரை உடைக்கும் இத்தொழிலில் புகழ்பெற்றவர் ஆலன் பேஜ். 1945இல் ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் நகரில், கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1967இல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியில் சேர்ந்தார். அவருடைய வலிமை பருமனில் இல்லை, விரைவில் இருந்தது. பந்து அசைந்த கணத்தில் எதிரியின் சுவருக்குள் நுழைந்துவிடுவார். 1971இல் தொழில்முறை ஆட்டக்காரர் அனைவருள்ளும் அவ்வாண்டின் தலைசிறந்தவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். எதிரியைத் தடுப்பதையே கடமையாகக் கொண்ட ஒருவருக்கு அச்சிறப்புக் கிட்டியது அதுவே முதல் முறை. அவர் இருந்த அணி நான்கு முறை இறுதிப் போட்டியை எட்டி நான்கிலும் தோற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆட்டக்காரரின் தொழில் ஆயுள் குறுகியது. முழங்காலில் ஓர் அடி பட்டால் முடிந்துவிடும். சிறுவயதிலேயே வழக்கறிஞராக விரும்பிய பேஜ், விளையாட வந்த புதிதில் சட்டக் கல்லூரியில் சேர்ந்து, சில வாரங்களிலேயே விலகிவிட்டார். எனினும் பின்னர் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் சேர்ந்து, ஆடிக்கொண்டே பயின்று 1978இல் சட்டப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே வைக்கிங்ஸ் அணி அவரை விலக்கியது. நெடுந்தூர ஓட்டப் பயிற்சியால் அவருடைய எடை குறைந்திருந்தது அதற்கு ஒரு காரணம். சிகாகோ பேர்ஸ் அணி அவரை ஏற்றது. 1981 வரை அங்கே ஆடினார்.

ஆசிரியனாகிய என் நெஞ்சில் தைத்த செய்தி ஒன்றுண்டு. அணியினருக்கு ஆட்ட முறைகளை விளக்கும் கையேடு தரப்படும். அதனை உரக்கப் படிக்கச் சொன்னபோது, தம் தோழர் சிலருக்குப் படிக்கவே இயலவில்லை என்பதைப் பேஜ் கண்டார். அவர்கள் கல்லூரி வரை சென்றவர்கள்! பந்தாட்டத்திற்காகவே அவர்களை வகுப்பிலிருந்து வகுப்பிற்கு ஏற்றிவிட்டனர் போலும். அப்பழி மாணவரை மட்டும் சார்ந்ததன்று, எம்மனோரையும் சாரும்.

1988இல் கான்டன் நகரிலுள்ள கால்பந்துப் புகழ் மண்டபத்தில் பேஜுக்கு இடம் அளித்தனர். இளமையில் அம்மண்டபத்தைக் கட்டும் பணியில் அவர் கூலி வேலை செய்தவர். அவ்விழாவில் தம்மை அறிமுகம் செய்ய, பிறரைப் போலப் பயிற்சியாளரை அழைக்காமல், மினியாபொலிஸ் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியையை அழைத்தார். தம் உரையில் கல்வியைப் பற்றியே பேசினார். அவ்வாண்டே தம் மனைவியாருடன் கல்வி அறக்கட்டளை ஒன்றும் நிறுவினார். உதவித்தொகை பெறும் கல்லூரி மாணவர் சிறுவர்களுக்கு வழிகாட்ட வேண்டும் என்பது அதன் விதி.

நீதிபதிப் பதவி எளிதில் வரவில்லை. மின்னசோட்டாவில் நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுப்பர். 1992இல் மாநில உச்ச நீதிமன்றத்திற்கு நடைபெறவேண்டிய தேர்தலைத் தவிர்த்து, பதவியிலிருந்தவரின் காலத்தை ஆளுநர் நீட்டித்தார். பேஜ் வழக்குத் தொடுத்து வென்றார், தேர்தலிலும் வென்றார். அந்நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. 70 வயது நிறைந்ததும் சட்டப்படி 2015இல் ஓய்வு பெற்றார். 2017இல் மினியாபொலிஸ் நகரப் பள்ளி ஒன்று, அங்குப் பயின்ற மாணவர்களின் முயற்சியால், தன் பழைய பெயரை நீக்கி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது.