பழைய உலாவியை ஏன் விடுவதில்லை?

கணினியில் இணையத்தைத் திறந்ததும் மேலே ஒரு பட்டை தோன்றுகிறது: “உங்கள் உலாவி பழைய பதிப்பு. புதுப்பிக்கவும்.” ஓரத்திலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி அதை மூடிவிட்டு, வந்த வேலையைப் பார்க்கிறோம். மறுநாளும் அதே பட்டை, அதே பெருக்கல் குறி. பக்கத்தில் இருப்பவர் கவனித்தால், “அப்டேட் போட ரெண்டு நிமிஷம்தானே சார்?” என்பார். சோம்பல், தெரியாமை, புதியதைக் கண்டு பயம் என்று காரணங்களும் ஆசிரியர் அறையில் தயாராகக் கிடைக்கும்.

ஆனால் உலாவிகளின் வரலாற்றைச் சற்று புரட்டினால் இந்தக் காரணங்கள் பின்னுக்குப் போய்விடுகின்றன. பழைய உலாவியோடு நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு அதை மாற்றும் அதிகாரம் கையில் இல்லை. அல்லது அன்றாட வேலை ஒன்று அந்தப் பழையதில் மட்டுமே நடக்கிறது. இதற்கு நன்கு பதிவான எடுத்துக்காட்டு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6.

அது 2001 ஆகஸ்டில் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் விற்பனைக்கு வந்த விண்டோஸ் எக்ஸ்பியுடன் சேர்ந்தே எல்லா மேசைகளுக்கும் போனது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உலகில் இணையம் பார்த்தவர்களில் 10-இல் 9 பேருக்கு மேல் மைக்ரோசாஃப்டின் உலாவியையே பயன்படுத்தினர். போட்டி இல்லாததால் அவசரமும் இல்லை. அடுத்த பதிப்பான 7 வருவதற்கு 2006 அக்டோபர் ஆகிவிட்டது. இந்த ஐந்தாண்டு இடைவெளிதான் பின்னால் வந்த சிக்கல்களுக்கெல்லாம் வேர். வங்கிகள், அலுவலகங்கள், தொழிற்சாலைகள் எல்லாம் தங்கள் வேலைகளை இணையப் பக்கங்களாக மாற்றிக்கொண்ட காலம் அது. கண்முன் இருந்தது ஒரே உலாவி என்பதால், அதற்கு மட்டும் பொருந்தும்படி எழுதினார்கள். அந்த உலாவி பக்கங்களைக் காட்டும் விதத்தில் பல குறைகள் இருந்தன. அந்தக் குறைகளுக்கும் சேர்த்தே நிரல் எழுதப்பட்டது. கோணலான சுவருக்கு அளவெடுத்துச் செய்த அலமாரி நேரான சுவரில் பொருந்தாது, அல்லவா? புதிய உலாவியில் அந்தப் பக்கங்கள் குலைந்து தெரிந்தன, பொத்தான்கள் வேலை செய்யவில்லை.

2009-இல் டிக் என்னும் அமெரிக்க இணையதளம், இன்னும் பதிப்பு 6-ஐப் பயன்படுத்தும் தன் வாசகர்களிடம் “ஏன்?” என்று நேராகவே கேட்டது. கணினியில் எதையும் நிறுவும் உரிமை தங்களுக்கு இல்லை என்றும், அலுவலகத்தில் மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றும் விடை சொன்னவர்கள் சேர்ந்து 10-க்கு 7 பேர் அளவில் இருந்தனர். இந்த உலாவிதான் பிடிக்கிறது என்றவர்கள் 10-இல் ஒருவர்கூட இல்லை. இப்படிப்பட்டவரிடம் “புதுப்பியுங்கள்” என்று தினமும் பட்டை காட்டுவது, பூட்டிய வகுப்பறைக்கு வெளியே நிற்கும் மாணவனிடம் “ஏன் உள்ளே போகவில்லை?” என்று கேட்பதற்குச் சமம். சாவி வேறொருவர் பையில் இருக்கிறது.

சரி, சாவி வைத்திருப்பவராவது திறக்கலாமே? 2010-இல் பிரிட்டனில் இதைக் கேட்டே ஒரு மனு போனது. அரசுத் துறைகள் பதிப்பு 6-ஐக் கைவிட வேண்டும் என்று 6,000-க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். அந்த ஆண்டு ஜனவரியில்தான் கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களின் கணினிகளுக்குள், இதே உலாவியின் ஓட்டை வழியாக அந்நியர் நுழைந்த செய்தி வெளியாகியிருந்தது. ஜெர்மனி, பிரான்சு நாடுகளின் இணையப் பாதுகாப்பு அமைப்புகள் வேறு உலாவிக்கு மாறும்படி மக்களுக்கு அறிவுறுத்தின. அப்படியிருந்தும் பிரிட்டன் அரசு மனுவை ஏற்கவில்லை. துறைகளில் உள்ள எல்லாச் செயலிகளையும் புதிய பதிப்பில் சோதித்துப் பார்க்க மாதக்கணக்கில் ஆகும், மக்கள் வரிப்பணம் செலவாகும், ஆகவே பல இடங்களில் பழையதையே வைத்துக்கொண்டு தடுப்பு மென்பொருள்களால் காத்துக்கொள்வது சிக்கனம் என்று பதில் வந்தது. படித்தால் கோபம் வரலாம். ஆனால் ஒரு மென்பொருளை மாற்றினால் சம்பளப் பட்டியல் நின்றுபோகும் என்றால் எந்த அலுவலரும் இரண்டு முறை யோசிப்பார்.

தென்கொரியாவின் கதை இன்னும் வியப்பானது. 1990-களில் வலுவான குறியாக்கத் தொழில்நுட்பத்தை வெளிநாடுகளுக்குத் தர அமெரிக்கா கட்டுப்பாடு விதித்திருந்தது. கொரியா காத்திருக்கவில்லை; சீட் என்ற பெயரில் சொந்தமாகவே ஒரு குறியாக்க முறையை உருவாக்கிக்கொண்டது. உலாவிகளில் அது கிடையாது என்பதால், ஆக்டிவ்எக்ஸ் என்ற துணைநிரல் வழியாகக் கணினியில் சேர்த்தார்கள். ஆக்டிவ்எக்ஸ் ஓடுவது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும்தான். வங்கிப் பரிமாற்றத்துக்கும் இணையக் கொள்முதலுக்கும் இப்படி இயங்கும் சான்றிதழ் கட்டாயம் என்று விதியும் வந்தது. அதிவேக இணையத்தில் உலகுக்கு முன்னோடியாக இருந்த நாட்டின் மக்கள், பணம் அனுப்ப வேண்டுமென்றால் பழைய உலாவியைத்தான் திறந்தாக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. அந்தக் கட்டாயம் படிப்படியாகத் தளர்ந்தது. அந்தச் சான்றிதழுக்கு இருந்த தனி அதிகாரத்தை 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் நீக்கியது. 2022 ஜூன் 15-இல் மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு விடை கொடுத்தபோது, கியோங்ஜு நகரில் ஒரு மென்பொருள் பொறியாளர் அதற்குக் கல்லறைக் கல்லே நட்டுவிட்டார். வேறு உலாவிகளைத் தரவிறக்க நல்ல கருவியாக இருந்தது என்று அதில் பொறித்திருந்தார்!

பாதுகாப்புக்கென்று நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவுதான் இருபதாண்டு பூட்டாக மாறியது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் இணையதளங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி எழுத்துருவை வைத்திருந்தன. எழுத்துருவைத் தனியே நிறுவாமலேயே பக்கம் தெரிய ‘இயங்கு எழுத்துரு’ என்ற வசதி இருந்தது. ஆனால் பல தளங்களில் அது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே வேலை செய்யும். வேறு உலாவியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசைகட்டும். யூனிகோடில் எழுதிய பக்கத்தையும் எக்ஸ்பி கணினியில் தொடக்ககால ஃபயர்பாக்ஸில் திறந்தால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். கண்ட்ரோல் பேனலில் மொழி அமைப்பைத் தேடி ஒரு கட்டத்தில் டிக் போட்டு, எக்ஸ்பி குறுந்தகட்டையும் செருகினால்தான் சரியாகும். குறுந்தகடு யாரிடம் இருந்தது? தமிழ் படிக்க விரும்பியவர் பழைய உலாவியிலேயே இருந்தது அன்றைக்குச் சரியான முடிவுதான். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்ற பிறகு இந்தச் சிக்கல் மெல்லக் குறைந்தது.

தனிமனிதத் தயக்கம் அறவே இல்லை என்று சொல்லவில்லை. முன்பு ஒரு முறை புதுப்பித்தபோது பிரிண்டர் நின்றுபோனது, சேமித்த கடவுச்சொற்கள் காணாமல் போயின என்று அனுபவப்பட்டவர் அடுத்த முறை கை வைக்கமாட்டார். 2 ஜிபி நினைவகக் கணினியில் புதிய பதிப்பு தவழும். ரீசார்ஜ் செய்த டேட்டா அப்டேட்டிலேயே தீர்ந்துவிடும் என்ற கவலையும் நியாயமானதே. இன்னொன்று: “உங்கள் உலாவி பழையது, இங்கே சொடுக்குக” என்று ஏதோ ஓர் இணையதளத்தின் நடுவில் வரும் அறிவிப்புகளில் போலிகள் ஏராளம். அவற்றை அழுத்தினால் இறங்குவது தீநிரல். ஆகவே பட்டையைக் கண்டதும் மூடுகிற ஆசிரியை ஒருவகையில் எச்சரிக்கையானவர்தான். உண்மையான புதுப்பிப்பு உலாவியின் உள்ளேதான் இருக்கும். குரோமில் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகள், அதில் ஹெல்ப், அதில் அபவுட் கூகுள் குரோம். பதிப்பு எண்ணும் அங்கேயே தெரியும். மாணவர்களுக்கு இந்த ஒரு வழியைக் கற்றுக்கொடுத்தால் போதும்.

பழைய உலாவியால் உண்மையில் என்ன கெடுகிறது? ஓட்டைகள் அடைக்கப்படாமல் கிடக்கின்றன என்பது முதலாவது. ஒரு புதிய பதிப்பு வெளியாகும்போது எந்தெந்த ஓட்டைகள் அடைக்கப்பட்டன என்ற பட்டியலும் வெளியாகிறது. புதுப்பிக்காதவரின் வீட்டில் எந்தச் சன்னல் திறந்திருக்கிறது என்று ஊருக்கே அறிவித்தது போல. இரண்டாவது, இணையதளத்துக்கும் நமக்கும் இடையே செல்லும் தகவலைப் பூட்டும் முறைகள் காலந்தோறும் மாறுகின்றன. டிஎல்எஸ் 1.0, 1.1 என்ற பழைய முறைகளை முக்கிய உலாவிகள் 2020-இல் கைவிட்டன. தளங்களும் விலக்கிவருகின்றன. பழைய உலாவிக்குப் புதிய பூட்டு தெரியாது, பக்கமே திறக்காது.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. “இணைப்பு பாதுகாப்பானதல்ல” என்று சிவப்பு எச்சரிக்கை வந்தால், உலாவியைக் குறை சொல்லும் முன் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். பள்ளிக் கணினிகளில் மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோவது சாதாரணம். மின்சாரம் நின்று வந்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். இணையதளத்தின் சான்றிதழ் இன்னும் செல்லத் தொடங்கவே இல்லை என்று உலாவி நினைத்துக்கொள்ளும். தேதியைச் சரிசெய்தால் பக்கம் திறந்துவிடும். சிஆர்2032 என்று கடையில் கேட்டால் கிடைக்கும், விலை அதிகமில்லை.

பதிப்பு 6 பிறகு எப்படித்தான் ஒழிந்தது? 2011 மார்ச்சில் மைக்ரோசாஃப்டே அதைக் கைவிடச் சொல்லிப் பிரசாரம் தொடங்கியபோது உலக அளவில் 12 சதவீதத்தினரும் சீனாவில் 34 சதவீதத்துக்கு மேற்பட்டோரும் அதில்தான் இருந்தனர். பிரசாரத்தைவிட அதிகம் உதவியவை வேறு சில. 2008-இல் வந்த குரோம், பயனரைக் கேட்காமலேயே பின்னணியில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. 2012 முதல் மைக்ரோசாஃப்டும் தன் உலாவியைத் தானாகப் புதுப்பிக்கத் தொடங்கியது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது. பழைய கணினிகள் எடைக்குப் போயின. மக்கள் மனம் மாறியதைவிட, அவர்களிடம் கேள்வி கேட்பது நின்றதுதான் பெரிய மாற்றம்.

அந்தச் சிக்கல் இன்று உலாவியிலிருந்து ஒரு படி கீழே இறங்கி, இயங்குதளத்தில் உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் 7 கணினியில் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2023-க்குப் பிறகு வந்த எதையும் அது ஏற்காது. எத்தனை முறை புதுப்பிக்கச் சொன்னாலும் பயனில்லை. பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இதே நிலைதான். பெற்றோர் குழுவில் நாம் அனுப்பும் இணையப் படிவம் ஒரு தாய்க்குத் திறக்கவில்லை என்றால், அவர் அக்கறையில்லாதவர் என்று முடிவுகட்டும் முன் அவர் கையில் இருப்பது எந்த ஆண்டுக் கைப்பேசி என்று கேட்டுப் பார்க்கலாம். படிவத்திலுள்ள கேள்விகளைத் தாளிலோ தொலைபேசியிலோ கேட்டு நாமே நிரப்பிவிடவும் முடியும்.

பள்ளிக் கணினியைப் பொறுத்தவரை, மூன்று விவரங்களைக் குறித்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுப்பது பலன் தரும்: விண்டோஸின் பதிப்பு, உலாவியின் பதிப்பு எண், நிர்வாகிக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பது. “கம்ப்யூட்டர் சரியில்லை” என்ற புகாரைவிட இது விரைவாக நகரும், ஏனெனில் யார் என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. 64 பிட் செயலி உள்ள பழைய கணினி என்றால், எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவி இன்றைய ஃபயர்பாக்ஸை ஓடவிடலாம். பள்ளிச் சொத்து என்பதால் அனுமதி பெற்றே செய்ய வேண்டும். அதுவரை அந்தக் கணினியைத் தட்டச்சுக்கும், ஏற்கெனவே சேமித்துவைத்த பாடக் காணொலிகளைக் காட்டுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, பெற்றோர் கைப்பேசி எண் போன்றவற்றைப் பதிவேற்றும் வேலையை மட்டும் புதுப்பிக்கப்பட்ட வேறொரு கருவியில் செய்யுங்கள்.