ஆண்டுத் தேர்வுக்கு நம் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவோம்



ரயில்வேயில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், மாலை வேளைகளில் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். அந்த அனுபவத்தில் சில யோசனைகள்.

பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளிலுள்ள தமிழ்வழிப் பள்ளிகளில் பாடமொழி தமிழ்; பாடத்திட்டமோ கேரளத்தினுடையது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கும், மூணாறிலிருந்து போடிக்கும், குமுளியிலிருந்து கம்பத்துக்கும் போகிறவர்கள் அங்கே விற்கும் 'நோட்ஸ்' வாங்கி வருவதுண்டு. அவை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு எழுதப்பட்டவை. பாட வரிசையும் கேள்வி முறையும் வேறு. இங்கே படமோ அட்டவணையோ கொடுத்து, அதிலிருந்து விடை காணச் சொல்வது அதிகம். ஆகவே கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் தமிழ்வழிப் பாடநூலும், பள்ளியின் பழைய வினாத்தாள்களுமே போதும்.

இப்போது கவனம் கூடுதலாகத் தேவை. 2024-25 கல்வியாண்டில் கேரள அரசு 8ஆம் வகுப்புக்கு எழுத்துத் தேர்வில் பாடந்தோறும் குறைந்தது 30 சதவீத மதிப்பெண் வேண்டும் என்று கொண்டுவந்தது. அதாவது 40க்கு 12. தொடர் மதிப்பீட்டு மதிப்பெண் இதில் சேராது. எட்டாதவர்களுக்கு 2025 ஏப்ரல் விடுமுறையில் சிறப்பு வகுப்பும் மறுதேர்வும் நடத்தினார்கள்.

மழைக்காலத்துக்கு முன்பே ரயில் பாதையைச் சோதித்துப் பலவீனமான இடங்களைக் குறித்துக்கொள்வோம். வெள்ளம் வந்தபின் பார்ப்பதில்லை. பிள்ளைக்கு அந்தச் சோதனை டிசம்பரில் நடக்கும் கிறிஸ்துமஸ் தேர்வு. அந்த விடைத்தாளைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். தவறுகளை மூன்றாகப் பிரியுங்கள்: புரியாதது, மறந்தது, கேள்வியைச் சரியாகப் படிக்காதது.

புரியாததை ஜனவரியிலேயே ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். மறந்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்கட்டும். வாரம் ஒருமுறை திரும்பவும் எழுதட்டும். பத்துமுறை வாசிப்பதைவிட இது பலன் தரும். மூன்றாவது தவறுக்கு மருந்து, தேர்வின் தொடக்கத்தில் வினாத்தாளைப் படிக்கவென்றே தரும் 15 நிமிடம். அந்த நேரத்தில் எதை முதலில் எழுதுவது என்று தீர்மானிக்க வீட்டிலேயே பழக்குங்கள்.

மலையாளத்துக்குத் தினம் 20 நிமிடம் ஒதுக்குங்கள். பேசத் தெரிந்த பிள்ளைகூட எழுத்தில் தடுமாறுகிறது.

தோட்ட வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோருக்குப் பாடம் சொல்லித்தர இயலாமல் போகலாம். "இன்று எழுதியதைக் காட்டு" என்று கேட்க எல்லோராலும் முடியும். பிள்ளை இரவு பத்து மணிக்குள் தூங்கட்டும்.

நம் பிள்ளைகள் அனைவரும் நன்கு தேர்ச்சி பெற வாழ்த்துகிறேன்.