பாரிஸில் ஏறிய புரிசைக் கூத்து
கூத்தை இயக்கியவர்கள் – 9

அரநாயக்கத் தோட்டங்களில் இத்தொடரைப் படிப்பவர்கள் இந்த வாரம் கொஞ்சம் புருவத்தை உயர்த்தலாம். சென்ற வாரம் காங்கேசன்துறை நடிகமணி வைரமுத்து, இந்த வாரம் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்மணி! அரியான் முனுஷ்கின் இந்த வரிசையில் வருவதற்குக் காரணம் உண்டு. கௌரவர் சபையில் திரௌபதி கதறும் கூத்தைத் தமிழ்ப் பாட்டோடு பாரிஸில் மேடையேற்றியவர் அவர்.

பிறந்தது 1939இல். தகப்பனார் ரஷ்ய வழி வந்த சினிமாத் தயாரிப்பாளர், தாயார் ஆங்கிலேயர். 1960களின் தொடக்கத்தில் ஆசிய நாடுகளைச் சுற்றிவிட்டுத் திரும்பியவர், 1964இல் நண்பர்களோடு சேர்ந்து ‘தெயாத்ர் து சொலெய்’ குழுவைத் தொடங்கினார். 1970இல் பாரிஸின் கிழக்கே, வன்சேன் காட்டுக்குள் கைவிடப்பட்டிருந்த பழைய தோட்டாத் தொழிற்சாலை ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. பிரெஞ்சுப் புரட்சியைச் சொல்லும் ‘1789’ அங்கே நடந்தபோது, சுற்றிலும் பல மேடைகள், நடுவே நின்றபடி ஜனங்கள்.

அந்தக் குழுவில் நடிகருக்கும் தச்சருக்கும் சமையற்காரருக்கும் ஒரே சம்பளம். வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பவர் முனுஷ்கினே. நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்வதை ஜனங்கள் பார்க்கலாம். பாரிஸ்காரருக்கு இது அதிசயம். காமன் கூத்துக்கு முன்னால் ரதிக்கு அரிதாரம் பூசுவதைச் சூழ்ந்து நின்று பார்த்து வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைக்கு இதில் என்ன புதுமை?

அவருடைய நாடகங்களுக்கு முதுகெலும்பு இசைதான். 1979 முதல் பல ஆண்டுகள் கூடவே இருந்த ழான்-ழாக் லெமேத்ர், உலகமெங்கும் சேர்த்த வாத்தியங்களுக்கு நடுவே மேடையோரத்தில் அமர்ந்துகொள்வார். காமன் கூத்தில் மதனின் காலைப் பார்த்துத் தப்புக்காரர் அடியை மாற்றுவதுபோல, நடிகரின் நடையைப் பார்த்தே வாசிப்பார்.

இந்தியா அவரை விடவேயில்லை. 1987இல் இந்தியப் பிரிவினையைப் பற்றி எலென் சிக்சு எழுதிய ‘லாந்தியாத்’தை இயக்கினார். 1990 முதல் கிரேக்கத் துன்பியல் நாடகங்களை வரிசையாக ஏற்றினார். அவற்றின் குழு ஆட்டத்தில் கதகளியும் பரதமும் தெரிந்தன. இன்னொருவர் கலையின் உடையை எடுத்துத் தன் கதைக்குப் போர்த்தலாமா என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆனால் பிற்காலத்தில் அவர் செய்தது வேறு.

2015 நவம்பர் 13இல் பாரிஸில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்தது. சில வாரங்களில் முனுஷ்கினின் குழு புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தது. அங்கே ‘இந்தியநாஸ்திரம்’ அரங்கை நடத்தும் குமரன் வளவன், முன்பு அதே குழுவில் நடித்தவர். திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையிலிருந்து கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான் வாத்தியாராக வந்தார். பல நாட்டு நடிகர்கள் அவரிடம் அடவும் பாட்டும் கற்றார்கள்.

அப்போது முனுஷ்கினுக்கு எழுபத்தாறு வயது. ஐம்பது வருடப் புகழ் இருந்தும், ஒரு கிராமத்துக் கூத்து வாத்தியாருக்கு முன்னால் தன் நடிகர்களை மாணவர்களாக உட்கார வைத்தார். அவர் வாங்கிய விருதுகளைவிட இதுவே பெரிது. நம்மூரில் கூத்து மாஸ்டர் என்றால் திருவிழாவுக்குக் கூப்பிட்டு, சால்வை போட்டு அனுப்புகிற ஆள் என்றல்லவா நினைக்கிறோம்!

2016 நவம்பரில் ‘இந்தியாவில் ஓர் அறை’ அரங்கேறியது. இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சு நாடகக் குழுவின் இயக்குநர் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார். பொறுப்பு உதவியாளர் கொர்னேலியாவின் தலையில் விழுகிறது. என்ன நாடகம் போடுவதென்று தெரியாமல், படுக்கையில் கனவு கண்டுகொண்டே கிடக்கிறாள். அந்தக் கனவுகளுக்குள் திரௌபதி துகிலுரிதலும் கர்ணனின் மரணமும் தெருக்கூத்தாக வந்து போகின்றன. 2017 டிசம்பரில் அது நியூயோர்க்கிற்கும் போனது. 2019இல் ஜப்பானின் கியோட்டோ பரிசு முனுஷ்கினைத் தேடி வந்தது.

அதே கர்ணனை 1962இலேயே பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஆடவிட்டவர் ஒருவர் இருக்கிறார். பேராதனை கடுகண்ணாவைக் கணவாய்க்கு அப்பால்தான், அரநாயக்கவிலிருந்து அதிக தூரமில்லை. அடுத்த வாரம் பேராசிரியர் சு. வித்தியானந்தன்.

(தொடரும்)