ஒரே ஊரடங்கு, வெவ்வேறு இழப்பு: மாநிலங்களிடையே வேலையின்மை வேறுபட்டது ஏன்?

புது தில்லி: கரோனா பரவலைத் தடுக்க 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு அமல்படுத்தப்பட்டது. கட்டுப்பாடுகள் பொதுவானவையாக இருந்தும், வேலையிழப்பு மாநிலத்துக்கு மாநிலம் பெரிதும் மாறுபட்டது.

இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையத்தின் கணக்கெடுப்பின்படி, அந்த ஆண்டு ஏப்ரலில் தேசிய வேலையின்மை விகிதம் 23.5 சதவீதம். புதுச்சேரியில் அது 75.8, தமிழகத்தில் 49.8, ஜார்க்கண்டில் 47.1, பிகாரில் 46.6 சதவீதமாக இருந்தது. பஞ்சாபிலோ 2.9 சதவீதம் மட்டுமே.

எந்தத் தொழில் நின்றது என்பதே இதில் முக்கியம். வேளாண் பணிகளுக்கு மார்ச் இறுதியிலேயே விலக்கு அளிக்கப்பட்டதால், பஞ்சாபில் கோதுமை அறுவடையும் கொள்முதலும் நடைபெற்றன. ஆலை, கட்டுமானம், சுற்றுலா ஆகியவற்றை நம்பியிருந்தவர்களின் தினக்கூலி அடியோடு நின்றது.

வேலை பறிபோகும் இடமும் வருவாய் பறிபோகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. குஜராத்தின் சூரத்தில் விசைத்தறிகள் நின்றபோது, அங்கிருந்து வரும் பணத்தை எதிர்பார்த்திருந்த ஒடிசாவின் கஞ்சம் மாவட்டக் குடும்பங்கள் தவித்தன. ஊர் திரும்பிய தொழிலாளர்களுக்காக மத்திய அரசு 2020 ஜூன் 20-இல் தொடங்கிய வேலைவாய்ப்புத் திட்டத்தில் 6 மாநிலங்களின் 116 மாவட்டங்கள் இடம்பெற்றன; அவற்றில் 32 பிகாரைச் சேர்ந்தவை.

வேலையின்மை விகிதம் முழு இழப்பையும் காட்டுவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. வேலை தேடியும் கிடைக்காதவர்களை மட்டுமே அது கணக்கிடுகிறது. ஆலை வேலையை இழந்து, பாதி வருவாய்க்குத் தள்ளுவண்டியில் காய்கறி விற்றவரும் அதில் ‘வேலையில் உள்ளவர்’தான்.