குளிர்மலையில் கொதிக்கும் கம்ப்யூட்டர்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “எங்கள் ஊரில் ஏர்கண்டிஷனே தேவையில்லை. ஆனால் மதியமானால் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிடுகிறது. கடைக்காரர் ‘ஓவர் சூடு’ என்கிறார். இந்தக் குளிரில் ஏது சூடு?”

கடைக்காரர் சொல்வது சரியாக இருக்கலாம். அடுத்து அவர் எதை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார் என்பதில்தான் கவனம் வேண்டும்.

கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோலாலம்பூர் மதியம் 32, 33 டிகிரியில் வேகும்போது அங்கே 22, 23 டிகிரிதான். பிராசஸரின் சூடு அறையின் சூட்டுக்கு மேல்தான் ஏறும். ஆகவே மலை நமக்குத் தருவது பத்து டிகிரி தள்ளுபடி, அவ்வளவே. பிராசஸரோ 100 டிகிரியை எட்டிப்பிடிக்கக்கூடியது. மிச்சத்தைத் தீர்மானிப்பது, சூட்டைச் சுமந்துகொண்டு வெளியே போகும் காற்று.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. கோலாலம்பூரில் ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.15 கிராம். மலையில் காற்று மெலிந்துவிடுவதால் தானா ராத்தாவில் கிட்டத்தட்ட ஒரு கிராம். ஒரு கிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஒரு ஜூல் போதும். ஒரு லிட்டர், ஒரு கிராம், ஒரு ஜூல்: பள்ளிக்கூடக் கணக்குக்கென்றே அளந்து வைத்த ஊர்!

பிராசஸர் 65 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 65 ஜூல். விசிறி நொடிக்கு 10 லிட்டர் காற்றைத் தள்ளினால், அந்தக் காற்று ஆறரை டிகிரி சூடேறி வெளியேறும். கோலாலம்பூரின் கனத்த காற்று என்றால் ஐந்தரை சொச்சம். ஆக, “மலைக்காற்று மெலிசு, அதுதான் காரணம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்து டிகிரியைக் கொடுத்த மலை, திருப்பி வாங்கிக்கொள்வது சில்லறைதான். இனி, வழி அடைத்துக்கொண்டு அதே விசிறியால் நொடிக்கு 2 லிட்டர்தான் தள்ள முடிகிறது என்று வையுங்கள். காற்றின் சூடே 32 டிகிரிக்கு மேல் கூடிவிடும். காற்றுக்கே அந்தக் கதி என்றால், அதைச் சூடாக்கும் உலோகத் தகடுகளும் அதற்கடியில் இருக்கும் பிராசஸரும் அதைவிட மேலே போய்விடும். மலை தந்த தள்ளுபடி போன இடம் தெரியாது.

தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். கம்பிவலை மேல் கொழுந்து, கீழிருந்து காற்றைத் தள்ளும் பெரிய விசிறி. உதிர்த்துப் பரப்பினால் காற்று இலைக்கு இலை நுழைந்து போகும். கட்டியாகக் கொட்டினால் காற்று அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். உள்ளே மாட்டிய கொழுந்து வாடாமல் தன் சூட்டிலேயே புழுங்கிச் சிவந்துபோகும். பிராசஸர் மேல் இருக்கும் அந்த உலோகத் தகடுகளின் அடுக்கான ஹீட்சிங்க்கும் இந்தத் தொட்டிதான். தகடுகளின் இடுக்குகள் வலைக்கண்கள். பிராசஸர் கட்டிக்குள் மாட்டிய கொழுந்து. கம்ப்யூட்டர் சூடேறியதும் விசிறி வேகமெடுத்து இரைவது கங்காணியின் கத்தல். கத்திக் கட்டி உடைந்ததாகச் சரித்திரம் இல்லை.

கட்டி எங்கே இருக்கிறது? வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. விசிறியைக் கழற்றுங்கள். விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று படிந்திருக்கும். தேயிலை சலிக்கும் இடத்துக்குப் பக்கத்து ஆபீஸ் என்றால் பழுப்புப் பஞ்சும் சேர்ந்திருக்கும். அந்தப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சும். மலையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. விரலால் நெம்பினால் ஒரே துண்டாக உரிந்து வரும்.

சூடு மிஞ்சினால் பிராசஸர் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணையதளம், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களின் ஹீட்சிங்க்கைப் பிடுங்கிப் பார்த்தது. ஏஎம்டி அத்லான் கருகியது. பென்டியம் 3 ஹேங் ஆனது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடியது. இந்த விஷயத்தில் இன்றைய பிராசஸர்கள் எல்லாம் பென்டியம் 4-இன் வாரிசுகள்: முதலில் மந்தமாகும், மிஞ்சினால் தானே அணைந்துவிடும். அப்படியானால் ஹேங் ஆவது ஏன்? அதே காற்றை நம்பிப் பக்கத்தில் இருக்கும் ரேமுக்கும், மின்சாரத்தைப் பக்குவப்படுத்தும் சில்லுகளுக்கும் எப்போதும் அவ்வளவு காவல் இருப்பதில்லை.

வைத்தியம் மலிவானது. மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ஹீட்சிங்க்கைக் கழற்றினால், அதற்கும் பிராசஸருக்கும் நடுவே காய்ந்திருக்கும் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு மிளகளவு புதிதாக வையுங்கள். வண்ண விளக்கு விசிறி, தண்ணீர்க் குழாய்க் குளிர்விப்பான், ‘கூலிங்’ சாப்ட்வேர் எல்லாம் இந்த நோய்க்கு மருந்தல்ல. அடைபட்ட இடுக்கை எந்த சாப்ட்வேரும் துடைக்காது.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மேசை விசிறியை நேராக வைத்து, வழக்கமான வேலையைச் செய்யுங்கள். ஹேங் ஆகாவிட்டால் பெரும்பாலும் சூடுதான் காரணம், பிரஷ்ஷை எடுங்கள். தூசியைத் தட்டிய பிறகும் ஹேங் ஆனால் ரேம், ஹார்டு டிஸ்க், பவர் சப்ளை என்று வேறு இடத்தில் தேட வேண்டும். அப்போது கடைக்காரர் புது ஹீட்சிங்க்கை நீட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.